அக்கா பெயரில் வந்த ரிப்போர்ட்

1

நேற்றுக் காலை ஆபீஸ் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஓராண்டுக்கு முன் இதே நாள் என்று போன் தானாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டியது. நான் கேட்காமலே அது இப்படிச் செய்யும். மகனின் பிறந்தநாள் கேக், பனியில் விழுந்து எழுந்த என் கோலம், எப்போதோ சுட்ட பணியாரம் என்று எதையாவது காட்டிச் சிரிக்க வைக்கும். நேற்று அது காட்டியது, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த ஒரு மருத்துவ ரிப்போர்ட். மேலே என் அக்காவின் பெயர். சுகந்தி, வயது நாற்பத்து நான்கு, பெண். கீழே வரிசையாக நார்மல், நார்மல், நார்மல். சர்க்கரைக்கு நேராக மட்டும் எண் கொஞ்சம் தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, அன்றைக்கு நான் பதிலாக அனுப்பிய மூன்று சிவப்பு இதயங்கள்.

அந்த ரிப்போர்ட்டில் இருந்தது அக்காவின் பெயர்தான். உடம்பு அவளுடையது அல்ல. அது எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. அது சும்மா இருக்கவில்லை.

நான் சூலூரில் பிறந்தவள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் குடியேறிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று எங்கள் குழுத் தலைவர் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவள் அந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதயம் அனுப்பினேன்.

2

இந்த நாட்டில் அம்மாக்களுக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. கூர் என்பார்கள். வேலைக்கும் போய், பிள்ளையையும் வளர்த்து, ஓய்ந்துபோன தாய்மாரைப் பிள்ளையோடு சேர்த்து மூன்று வாரம் மலைப்பக்கமோ கடல்பக்கமோ இருக்கும் ஓய்வு விடுதிக்கு அனுப்பி வைப்பார்கள். தூங்கலாம், நடக்கலாம், முதுகு பிடித்துவிட ஆள் உண்டு. செலவில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் குடும்ப டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். தூக்கம் வருவதில்லையா, அடிக்கடி தலைவலியா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். எல்லாமே எனக்கு இருந்தன. ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. வேலைக்குப் போகிற நாலு பேரில் எனக்கு மட்டும் என்ன வந்துவிட்டது, ஊரில் அக்கா படுகிற பாட்டில் இது கால் பங்கு வருமா என்று தோன்றியது. ஒரு கட்டத்தையும் டிக் செய்யாமல், மகன் கவினுக்கு மழைக்காலத்தில் மூச்சு இழுக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். தாயின் உடல்நிலையில் தேவை ஏதும் தெரியவில்லை என்று பதில் வந்தது. சொன்னால் வெட்கம், எனக்கு அது பரீட்சையில் பாஸானது போல இருந்தது.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. "ஏங்கண்ணு, அம்மாமாரத் தூங்க வெக்கறதுக்குன்னு கவுருமெண்டே கூட்டிட்டுப் போகுதா? உங்க மச்சாங்கிட்டச் சொன்னா நம்பவே மாட்டாரு. ஆமா, அந்த மூணு வாரம் ஊட்டுல சோறாக்கறது ஆரு?"

அக்காவுக்குத் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்கிற துணி, நிறம், பொத்தான், கப்பல் ஏற்றும் தேதி எல்லாம் அவள் தலையில்தான். காலை நாலரைக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்து, நடமாட்டம் குறைந்துபோன மாமியாரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு, மகள் தர்ஷினியை டியூஷனுக்கு எழுப்பிவிட்டு, ஏழரைக்குக் கம்பெனி வேன் பிடிப்பாள். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், சூலூரிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். தண்ணீர் வேண்டுமென்றால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கிற நல்ல மனிதர்.

போன வருஷம் அவளுடைய பிறந்தநாளுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். எண்ணெய் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "உன்னையும் கொஞ்சம் பாத்துக்கக்கா" என்றேன். "என்னையப் பாக்கறதுக்கு என்ன இருக்குது, கண்ணாடியப் பாத்தே நாளாச்சு" என்றாள்.

அன்றைக்கே கோயம்புத்தூரில் காந்திபுரம் பக்கத்தில் இருக்கும் ஒரு பரிசோதனை மையத்தில், நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான முழு உடம்புப் பரிசோதனைக்கு அவள் பெயரில் இங்கிருந்தபடியே பதிவு செய்தேன். ரத்தம், ஸ்கேன், மேமோகிராம் எல்லாம் உண்டு. வேலை நேரத்தில் அக்கா போனை எடுக்க மாட்டாளே என்று மச்சானின் எண்ணைக் கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. பிறகு ஒரு காபி போட்டுக் குடித்தேன். அக்காவைக் கவனித்துவிட்டேன் என்று மனசு நிறைந்திருந்தது.

3

அன்றைக்கு நடந்ததை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

பரிசோதனை புதன்கிழமை. லீவு சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனியில் ஒரு பரபரப்பு. அடுத்த வாரம் வருவதாக இருந்த பையர் மறுநாளே சரக்கைப் பார்வையிட வருகிறாராம். அவர் நான் இருக்கிற நாட்டுக்காரர்தான் என்பது இதில் ஒரு கூத்து. பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறவள் அவள். எந்த சாம்பிள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவள் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மேனேஜர் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க இல்லாம எப்படீங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அது போதுமே.

வீட்டுக்கு வந்தால் அந்தியூரிலிருந்து நங்கையா வந்திருக்கிறார். நங்கையா என்று அக்கா கூப்பிடுவது மச்சானின் மூத்த சகோதரியை. தாயைப் பார்க்க வந்தவர், கொஞ்ச நாளாகக் கிறுகிறுவென்று வருகிறது, கால் மதமதவென்று மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழனிக்கு வேன் பேசி, கிளம்புகிற நேரத்தில் ஒருத்தர் வர முடியாமல் போனால், அந்த இடத்தை யாரும் காலியாக விட மாட்டார்கள். தங்கையோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஏறிக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு ஒருத்தர் போக முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் போய் மொய் எழுதிவிட்டு அவருக்கான சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வருவார். பிடித்த இடம் வீணாகப் போகக்கூடாது. யார் போனால் என்ன, நம் வீட்டு ஆள் போனால் சரி.

"நீங்க போயிட்டு வந்துருங்க நங்கையா. தங்கச்சி ஆசையாப் புக் பண்ணுனது, வீணாப் போகுது பாருங்க" என்றாள் அக்கா.

"தம்பி கேட்டான்னா?"

"காந்திபுரத்துல துணியெடுக்கப் போறமுன்னு சொல்லிக்கலாமுங்க. நாஞ் சாயங்காலம் சொல்லிக்கறேன்."

நங்கையா டவுன் பஸ் ஏறிப் போனார். மையத்தில் புக்கிங் எண்ணை மட்டும் கேட்டார்கள். சுகந்தி என்று கூப்பிட்டபோது எழுந்து போனார். ஒவ்வொரு அறையாக அக்காவின் பெயரோடு போய்விட்டு, கடைசியில் அவர்கள் கொடுத்த இட்லியையும் சாப்பிட்டுவிட்டு வந்தார். கம்பெனியில் பையருக்குச் சரக்கு பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் நல்ல நாள்.

அன்று ராத்திரி அக்கா அலுத்துப்போய்ப் படுத்துவிட்டாள், மச்சானிடம் சொல்லவில்லை. ரிப்போர்ட் மறுநாள் மச்சான் போனுக்கு வந்தது. அவர் பட்டறையில் இருந்தபடியே அதைத் திறந்து பார்த்து, சந்தோஷத்தில் உடனே எனக்கும் அனுப்பிவிட்டார். அக்கா வேனை விட்டு இறங்குவதற்குள் என் இதயங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. இவ்வளவுக்கும் பிறகு, அது நான் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. மச்சான் கத்துவார், தங்கச்சி வருத்தப்படுவாள், நங்கையாவுக்குத் தர்மசங்கடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. மாமியாருக்குக் கால் வீக்கம், தர்ஷினிக்கு மாதிரித் தேர்வு, சொந்தத்தில் ஒரு சீர், கம்பெனியில் அவசர ஷிப்மென்ட் என்று ஒவ்வொன்றும் போயிற்று.

4

இனி அந்தச் சர்க்கரை.

நங்கையாவின் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அக்காவின் பெயரில் வந்துவிட்டது அல்லவா, மச்சான் அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். அக்காவுக்கு இனிமேல் காபியில் சர்க்கரை இல்லை, வாழைப்பழம் இல்லை, சோறு ஒரு கரண்டி. மனைவிக்காக அவர் செய்த முதல் கவனிப்பு என்று சொல்லலாம். தவறான ஆளுக்குச் செய்தார். நங்கையாவிடம் அக்கா ரகசியமாக விஷயத்தைச் சொல்ல, அவர் அந்தியூரில் டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுக்க ஆரம்பித்தார். கிறுகிறுப்பு நின்றது. அந்தப் பரிசோதனையால் ஒருவர் உடம்பு தேறியது என்பதையும் இங்கே நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

அக்கா இல்லாத சர்க்கரைக்குப் பத்தியம் இருந்தாள், இருக்கிற கட்டியை விட்டுவிட்டாள். ஏழு மாதம் கசப்புக் காபியைக் குடித்துக்கொண்டு.

தீபாவளிக்கு அனுப்பிய படத்தில் மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய நின்றாள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "சூப்பர்க்கா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே, அப்படியே மெயின்டெய்ன் பண்ணு." அதற்கு அவள் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என் பேரில் இருக்கிறது. கார்த்திகை மாதம், ஒரு மத்தியானம். எனக்கு இங்கே காலை. ரயில் மாறுவதற்காகப் படியில் ஓடிக்கொண்டிருந்தேன். வேலை நாளில் கூப்பிடாதவள் கூப்பிட்டாள்.

"பிசியா கண்ணு?"

"சொல்லுக்கா."

"எங்க கம்பெனீல ஒரு புள்ளைக்கு மார்ல கட்டியாட்டம் இருக்குதாமா. வலியே இல்லைங்கறா. வலி இல்லீன்னா ஒண்ணும் இருக்காதுதான?"

ரயில் கதவு மூடப் போகிற சத்தம். "வலி இல்லைன்னா பெரும்பாலும் கொழுப்புக் கட்டியா இருக்கும்க்கா. எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கச் சொல்லு" என்றேன். யார் சொன்னார்கள் எனக்கு? நான் என்ன டாக்டரா? எங்கேயோ அரைகுறையாகப் படித்ததை ஓடுகிற ஓட்டத்தில் தூக்கிப் போட்டேன்.

"அதானே, நானும் அதையேதாஞ் சொன்னேன்" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. எந்தப் புள்ளை, என்ன வயசு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருப்பாள்.

5

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகையில் தர்ஷினி அம்மாவுக்குச் சேலை மடிப்பு வைத்துவிட்டிருக்கிறாள். ரவிக்கை விளிம்புக்கு மேலே, இடது மார்பில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழிந்திருப்பதைப் பார்த்தது அவள்தான். பதினேழு வயதுப் பெண். அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் நேராகப் போய் அப்பாவிடம் சொன்னாள். அதற்காக அந்தக் குழந்தைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

ஊசி போட்டு எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்த அன்றே டிக்கெட் போட்டேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. குடும்ப விஷயம் என்று எழுதினேன்.

மருத்துவமனையில் டாக்டர் அறைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். டாக்டர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். மச்சான் பட்டறைச் சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். டாக்டர் ஆரம்பிப்பதற்குள் அதைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"டாக்டருங்க, ஏழு மாசத்துக்கு முன்னாலதான் எல்லா டெஸ்டும் எடுத்தமுங்க. ஒண்ணுமே இல்லீனு வந்துதுங்க. பாருங்க, மேமோகிராம் நார்மல்." அவர் குரலில் ஒரு வீறாப்பு. நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்ட குடும்பம் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் அவருக்கு.

டாக்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "ஏழு மாசத்துல இவ்வளவுன்னா, இது ரொம்ப வேகமா போயிருக்குது. அப்ப நாம வேற மாதிரி யோசிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். திரும்பி அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உங்க உயரம் என்ன?"

அக்கா எங்கள் வீட்டிலேயே உயரமானவள். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள். வாசல் நிலையில் தலை இடிக்கும் என்று அம்மா எப்போதும் எச்சரிப்பாள்.

"இதுல நூத்தி நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்னு இருக்குதே" என்றார் டாக்டர்.

நான் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்த தாள் அது. நார்மல் என்ற சொல்லைத்தான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன்.

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அது நானில்லீங்க."

"என்ன ஒளர்ற?" என்றார் மச்சான்.

"உங்க அக்காவ அனுப்பிப்போட்டனுங்க. அன்னைக்குக் கம்பெனீல பையர் வந்துட்டாங்க. அவீங்க வந்திருந்தாங்க, வீணாப் போகுதேன்னு அனுப்பிப்போட்டேன்."

மச்சான் பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. இந்த மாதிரி எத்தனையோ கேட்டவர்போல, கட்டியை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"சித்திரைல குளிக்கறப்ப கையில தட்டுப்பட்டுதுங்க."

சித்திரை. பரிசோதனை வைகாசி கடைசியில். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டி இருப்பது தெரிந்துகொண்டேதான் அவள் நங்கையாவை அனுப்பியிருக்கிறாள்.

"வலியில்லீங்க, அதான்..." என்று இழுத்தாள்.

"வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பீங்க. இது பெரும்பாலும் வலிக்காதும்மா. அதனாலதான் எல்லாரும் இந்த நிலையில வர்றீங்க" என்றார் டாக்டர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றுவரை அந்த ரயில் பேச்சைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுத்ததில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டாள், "ஏனுங்க டாக்டர், இதையெல்லாம் மார்ச்சுக்கு மேல வெச்சுக்கலாங்களா? பாப்பாவுக்குப் பப்ளிக் எக்ஸாமுங்க."

"எக்ஸாமுக்கு உங்க பொண்ணு போகட்டும். நீங்க திங்கக்கெழம இங்க வாங்க."

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். மச்சான் கையிலிருந்த பைலின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, கத்துவார் என்று நான் பயந்த மனிதர், குரலே எழும்பாமல் கேட்டார். "தெரிஞ்சே ஏஞ் சொல்லலை?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். "சொல்லி, அது அதுதான்னு ஆயிருச்சுன்னா, நான் படுத்துக்கோணும். நான் படுத்துட்டா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

கேள்வியில் கோபமே இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

6

மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். முதல் மருந்து ஏறும்போது பக்கத்தில் இருந்தேன். ஊசி கையில் இருக்க, கம்பெனியிலிருந்து போன் வந்தது. நீல நிறச் சட்டைக்கான பொத்தான் அட்டை எங்கே என்று. இரண்டாவது அலமாரி, மூன்றாவது தட்டு என்று கண்ணை மூடியபடி சொன்னாள். போனை நான் பிடுங்கி அணைத்தபோது, "பாவம், தேடுவாங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

நங்கையா அந்தியூரிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டார். சமையலும் தாயைக் குளிப்பாட்டுவதும் இப்போது அவர் பொறுப்பு. அக்கா இருக்கிற அறைக்குள் மட்டும் போகமாட்டார். கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு, "அம்மணி, சூடு ஆறறதுக்குள்ள குடிச்சுரு" என்று வெளியிலிருந்தே சொல்வார். அவர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்துக்கு எழுந்து போனதைத் தவிர அவர் செய்த தப்பு என்ன?

இங்கே திரும்பி வந்ததும் பழைய ஓட்டம். கவினுக்குப் பதினொரு வயது. பெரியம்மாவோடு போனில் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது, மீதியை என்னிடம் ஜெர்மனில் சொல்லி மொழிபெயர்க்கச் சொல்வான். இந்த நோய்க்குத் தமிழில் என்ன என்று கேட்டான். சொன்னேன். அடுத்த நாள் பள்ளி விட்டு வந்து, தான் இணையத்தில் தேடிப் படித்ததாகவும், இந்த நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார்கள் என்று தெரியும் என்றும் ஆரம்பித்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே, நாளைய மழையைப் பற்றிச் சொல்கிற குரலில். போதும் என்று அவன் வாயைக் கையால் மூடினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் பெரியம்மா என்பவள் போன் திரையில் வெங்காயம் அரிகிற ஒரு முகம். அதற்கு மேல் அவளை அவனுக்குக் கொடுக்க நான் நேரம் ஒதுக்கவில்லை.

சித்திரையில் அறுவை சிகிச்சை முடிந்தது. நோய் அக்குள் வரை போயிருந்தது. எடுத்தவரை எடுத்தாயிற்று, இனி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, அடுத்த ஸ்கேன் வரட்டும் என்றார். அந்த ஸ்கேன் ஆடியில். தர்ஷினி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும், பீளமேட்டிலேயே, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் சேர்ந்துவிட்டாள். காலையில் நாலரைக்கு எழுந்து நங்கையாவுக்குக் காய் அரிந்து கொடுத்துவிட்டுப் போகிறாளாம். அக்கா இதைப் பெருமையாகச் சொன்னாள்.

7

கூடப் பிறந்தவளுக்கு இந்த வயதில் வந்திருப்பதால் நானும் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டரே அன்றைக்குச் சொல்லியிருந்தார். இங்கே என் டாக்டர் அம்மாவும் அதையேதான் சொல்லி, வேறு டாக்டரிடம் போகப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு இருந்தால் போதாது. போன் செய்ய வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், காலாண்டு மாறினால் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். மாசியில் ஒரு நாள் கொடுத்தார்கள். அன்றைக்குக் கவினுக்குக் காய்ச்சல். சித்திரையில் இன்னொரு நாள். அன்றைக்கு எங்கள் மென்பொருள் வெளியீடு. மாற்றிக் கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் திட்டவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். தலையில் முடி குருத்துவிட ஆரம்பித்திருக்கிறது என்று துண்டை விலக்கிக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கோணும். நீ டெஸ்ட் எடுத்தயா? டாக்டரு சொன்னாங்கல்ல. எனக்குப் படுத்தா அதே நெனப்பா இருக்குது. எனக்கு வந்தது வந்துபோச்சு, உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாது சாமி."

மருந்தால் உதடு வெடித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் இரண்டு தடவை தள்ளிப்போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"போயிட்டு வந்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லதாப் போச்சு. இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள். உண்மையாகவே அவள் முகம் தெளிந்துவிட்டது.

எனக்குக் கொடுத்திருக்கும் நாள் வருகிற வியாழக்கிழமை. அன்றைக்கு ஆபீஸில் ஒரு முக்கியமான கூட்டம் இருக்கிறது. இதுவரை நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடமாவது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வந்த நாள் முதல் நான் குளிக்கும்போது கையால் சோப்புப் போடுவதில்லை. கையில் எதுவும் தட்டுப்படாமல் இருப்பதற்காக, தடித்த துண்டு ஒன்றில் சோப்பைத் தேய்த்து அதை வைத்தே குளித்து முடிக்கிறேன்.